இரு திரைகளும் ஒரு பழைய பெட்டியும்

இரண்டு குரல்களை நாம் ஓயாமல் கேட்டுவருகிறோம். ஒன்று இலக்கிய நண்பர்களின் குரல்: ‘எழுதுகிறவனுக்கு எதற்கய்யா இரண்டு மானிட்டர்? காணொளி வெட்டி ஒட்டுவது ஸ்டுடியோக்காரன் வேலை. உமக்குப் பேனா போதாதா?’ மற்றொன்று கணினிக் கடைக்காரரின் குரல்: ‘இந்த டப்பா இனிமே வேலைக்கு ஆகாதுங்க சார். வீடியோ எடிட்டிங்னா புதுசாத்தான் போடணும்.’ முதலாமவர் பெட்டி தேவையில்லை என்கிறார். இரண்டாமவர் புதிய பெட்டி தேவை என்கிறார். பகைவர்களைப்போலத் தோன்றும் இருவரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். இருவர் பேச்சையும் கேட்டு நடந்தால், தொப்பம்பட்டியைப் போன்ற ஊரில் இருப்பவன் தன் ஊரைப் பற்றித் தானே ஒரு காணொளியைத் தொகுத்து முடிக்க வழியில்லாமற் போகிறது. இருவரையும் மறுப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

மறுப்புக்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். திண்டுக்கல் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடம் தொப்பம்பட்டி. அதைச் சுற்றிய தோட்டங்களில், மின்சார மோட்டார் வருமுன் கவலை ஓட்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சாலும் வடமும் பூட்டிய மாடுகளைச் சரிவில் இறக்கியும் பின்னுக்கு ஏற்றியும் விடியுமுன் நீர் இறைத்தவர்கள். எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையையே பாட்டாகப் பாடியவர்கள். அவர்களுள் ஒரு பெரியவரை மூன்று அமர்வுகளில் செல்பேசியால் பதிவு செய்தோம். மூன்று மணி இருபது நிமிடம், நாற்பத்தொரு துண்டுகள். ‘தொகுத்துக்கொள்ளலாம்’ என்று வைத்திருந்தோம். எட்டு மாதங்கள் கழிந்தன. பெரியவர் காலமானார். அவருடைய பேரன் வந்து கேட்டார்: ‘அப்பாரு பாடுனதைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு வர்ற சனங்க பாக்கற மாதிரி போட்டுத் தர முடியுங்களாண்ணா?’

முடியவில்லை. நம்மிடம் இருந்த மேசைக் கணினியில் துண்டுகளைத் திறந்தாலே படம் உறைந்தது. குரல் மட்டும் ஓடியது. ஐந்து நிமிடப் பாட்டைப் பிரித்தெடுக்க ஐந்து நாட்கள் போதவில்லை. காரியம் முடிந்தது. நாம் கைகட்டி நின்றோம். பதிவு செய்தது நாம், பாடியது அவர். நடுவே கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் செய்தது எது என்று யோசித்தபோதுதான் மேற்சொன்ன இரு குரல்களும் நமக்குக் கசந்தன.

முதற் குரலுக்கு வருவோம். இலக்கிய அன்பர்களுக்குப் பதிப்பு என்றால் மரியாதை உண்டு. 1887இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒரு சுவடியை எடுத்து அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. பல சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கினார். பாடபேதம் என்ற சொல்லே அந்தப் ‘பக்கத்தில் வைத்தல்’ என்ற செயலிலிருந்து பிறந்த ஒழுங்குதான். ஒரு பெரியவர் ஒரே பாட்டை மூன்று நாளில் மூன்று விதமாகப் பாடியிருக்கிறார். எந்த நாளில் எந்த அடி நிறைவாக வந்தது, எங்கே மறந்தார், எங்கே மறப்பதை மறைக்கச் சிரித்தார் என்பதைப் பார்த்துத் தேர்வதும் அதே பதிப்புப் பணியே. ஏட்டில் செய்தால் புலமை, திரையில் செய்தால் ஸ்டுடியோக்காரன் வேலை என்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டு மானிட்டர் ஆடம்பரம் என்பார்க்கும் விடை இதிலேயே இருக்கிறது. மூலத்தை ஒரு திரையிலும் தொகுத்துவருவதை மற்றொரு திரையிலும் வைத்துப் பார்ப்பது படத்தொகுப்புத் தொழிலின் நெடுநாளைய வழக்கம். 1924இல் ஐவன் செரூரியர் ‘மூவியோலா’ என்னும் கருவியை உருவாக்கிய நாளிலிருந்து, தொகுப்பாளர் சிறு கண்ணாடியில் படச்சுருளை உற்றுப் பார்த்தே வெட்டினார். தமிழில் 1994இல் வெளிவந்த ‘மகாநதி’யில் ‘ஆவிட்’ என்னும் கணினித் தொகுப்பு முறை கையாளப்பட்டது; கத்தரியும் ஒட்டுநாடாவும் மெல்ல விடைபெற்றன. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது விடைபெறவில்லை. ஒரே திரையில் மூலப் பட்டியல், காலக்கோடு, ஒலியளவு, பார்வைச் சாளரம் ஆகிய நான்கையும் அடைத்தால், பாடுகிறவரின் முகம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த முகத்தைப் பார்க்காமல் எதை வைத்து வெட்டுவது?

தொகுப்பாளர் என்றால் தொழிலாளி மட்டுமே என்று எண்ணுவோர் பி. லெனினை நினைத்துக்கொள்ளலாம். படத்தொகுப்பு மேசையிலிருந்து எழுந்து வந்த அவர், 1992இல் ‘நாக் அவுட்’ குறும்படத்தை எடுத்தார். பின்னர் ஜெயகாந்தனின் ‘ஊருக்கு நூறு பேர்’ நாவலைப் படமாக்கி, 2001ஆம் ஆண்டுக்கான சிறந்த இயக்குநர் தேசிய விருதைப் பெற்றார். இலக்கியத்துக்கும் தொகுப்பு மேசைக்கும் நடுவே மதில் எழுப்புவோர், அந்த மேசையில் இருந்தே ஜெயகாந்தனிடம் போன ஒருவர் நம்மிடையே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

‘செல்பேசியிலேயே வெட்டிவிடலாமே’ என்பது இதே குரலின் இளைய வடிவம். இதில் பாதி உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். இன்றைய செல்பேசி, தான் எடுத்த படத்தைத் தானே அவிழ்த்துக் காட்டும் வேகத்தில் நம் பழைய மேசைக் கணினியை எளிதாகத் தோற்கடிக்கும். ஒரு நிமிடத் துணுக்குக்கு அதுவே போதும். மூன்று மணி இருபது நிமிடத்தை, நாற்பத்தொரு துண்டுகளை, விரலால் தள்ளித் தள்ளி ஒப்புநோக்க முடியுமா? நொடிக்கு 50 மெகாபிட் என்ற கணக்கில் எடுத்த அந்தப் பதிவு ஏறக்குறைய 75 ஜிகாபைட். செல்பேசி நிறைந்ததும் எது அழிகிறது? பழையதுதான் அழிகிறது, அதாவது பெரியவரே அழிகிறார். செல்பேசியே போதும் என்பவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

இனி இரண்டாம் குரல். கடைக்காரர் மீது நமக்குக் கோபமில்லை. விற்பது அவர் தொழில். எதை விற்கிறார் என்பதில்தான் வழக்கு. நம் கணினி 2013இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலியும் ‘எச் 81’ வகை மதர்போர்டும் கொண்டது. நான்கு ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒரே மானிட்டர். இரண்டு மானிட்டர் என்றதும் கிராஃபிக்ஸ் கார்டு, அதற்குப் புது எஸ்.எம்.பி.எஸ்., அதற்குப் புதுப் பெட்டி, இத்தனைக்கும் பதில் முழுவதுமே புதிது என்று பட்டியல் நீண்டது. உண்மை என்ன? அந்த மதர்போர்டின் பின்புறத்திலேயே வி.ஜி.ஏ. ஒன்றும் எச்.டி.எம்.ஐ. ஒன்றும் இருக்கின்றன, செயலிக்குள் இருக்கும் வரைகலைப் பகுதி இரண்டு திரைகளை ஒரே சமயத்தில் தனித்தனியே இயக்கும். தேவைப்பட்டது இரண்டாவது மானிட்டரும் அதற்கொரு கேபிளும். அலுவலகம் ஒன்றில் கழித்துக்கட்டிய மானிட்டர் கிடைத்தது. கார்டு ஒன்றும் தேவைப்படவில்லை.

படம் உறைந்தது ஏன் என்ற கேள்விக்கும் கடைக்காரர் சொன்ன விடை ‘பழசு’ என்ற ஒற்றைச் சொல். காரணம் அதைவிட நுட்பமானது. செல்பேசி ஒவ்வொரு சட்டகத்தையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, அடுத்தவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கிறது. அந்தாதியைப் போல; நடுவே ஒரு செய்யுளைப் பிடிக்க அதற்கு முந்தியதைத் தொட்டு வரவேண்டும். தொகுப்பாளரோ முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்பவர். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி முந்திய முழுப் படத்துக்குப் போய்த் திரும்ப அவிழ்த்து வரவேண்டும். போதாக்குறைக்கு, இன்றைய செல்பேசிகள் பல கையாளும் ‘எச்.இ.வி.சி.’ முறையை வன்பொருளிலேயே முழுமையாக அவிழ்க்கும் ஆற்றல் இன்டெல் செயலிகளில் ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. நான்காம் தலைமுறைக்கு அதற்கு முந்திய ‘எச் 264’ நன்றாகத் தெரியும், இது தெரியாது.

நோய் இதுவென்றால் மருந்தும் வேறு. பதிலிக் கோப்பு என்று ஒரு வழி இருக்கிறது. தொழில்முறைத் தொகுப்பாளர்கள் அன்றாடம் கையாள்வது. மூலத்தைத் தொடாமல், ஒவ்வொரு சட்டகமும் தனித்து முழுமையாக நிற்கும் வகையில், சிறிய அளவில் ஒரு படி எடுத்துக்கொள்வது. அந்தப் படியை வைத்தே தொகுப்பது. முடிவில் மென்பொருள் தானே மூலத்துக்கு மாறிக்கொண்டு இறுதிப் படத்தை ஆக்கித் தரும். நொடிக்கு 45 மெகாபிட் அளவில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 20 ஜிபி. மூலத்தைவிட இது அளவில் வெகுவாகக் குறைந்துவிடாது. குறைவது அவிழ்க்கும் உழைப்பு. நம் மூன்று மணி இருபது நிமிடத்துக்குப் படி எடுக்க ஓர் இரவு முழுவதும் பிடித்தது. அதனால் என்ன? இரவில் கணினி உழைத்தது, நாம் உறங்கினோம். காலையில் காலக்கோட்டில் விரல் போன இடமெல்லாம் படம் வந்தது.

செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்கிறோம். வரிசையில்தான் சிக்கனம் இருக்கிறது. முதலில், பெட்டியைத் திறந்து தூசு தட்டி, செயலியின் மேல் காய்ந்துபோயிருந்த வெப்பப்பசையை மாற்றினோம். நம் பக்கத்துக் கோடையில் சூடேறிய செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல ‘பழசு’களின் நோய் இந்தத் தூசுதான். இரண்டாவது, 500 ஜிபி எஸ்.எஸ்.டி. சுழலும் தட்டு தொடர்ந்து படிப்பதில் மோசமில்லை. அங்குமிங்கும் தாவிப் படிப்பதில்தான் திணறும். இந்த வகை மதர்போர்டில் இருக்கும் நான்கு சாட்டா முனைகளுள் இரண்டு மட்டுமே முழு வேகத்துக்கானவை; எஸ்.எஸ்.டி.யை அவற்றில் ஒன்றில் செருகவேண்டும். பழைய தட்டு மூலப் பதிவுகளின் களஞ்சியமாக அங்கேயே இருக்கட்டும். மூன்றாவது, 16 ஜிபி ராம். இந்த மதர்போர்டு ஏற்கும் உச்ச அளவு அது. 2025இன் இறுதி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் பெரும்பசியால் புதிய நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. நமக்கு வேண்டியதோ பழைய ‘டிடிஆர் 3’, கழித்த கணினிகளிலிருந்து கிடைப்பது. நான்காவது, இரண்டாம் திரை. ஐந்தாவது, செலவே இல்லாதது: செல்பேசியின் அமைப்பில் ‘எச் 264’ முறையைத் தேர்ந்துவிடுவது. இனி எடுக்கும் பதிவுகளுக்கு அந்தச் சிக்கலே எழாது.

இன்னொன்றையும் அனுபவத்தில் கற்றோம். செல்பேசி, வெளிச்சத்துக்கு ஏற்பச் சட்டக வேகத்தை மாற்றிக்கொண்டே பதியும். நீண்ட பதிவில் உதடு ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலுமாகப் பிரிந்துபோவது இதனால்தான். நிலையான சட்டக வேகத்துக்கு முதலில் மாற்றிக்கொண்டு பிறகு தொகுக்கவேண்டும். பல லட்ச ரூபாய்க் கணினி வாங்கினாலும் இதை அறியாதவர் கையில் பாட்டும் வாயும் பிரிந்தே நிற்கும்.

மென்பொருளுக்கு வருவோம். ‘விண்டோஸ் 10’க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, தனிப்பயனர்களுக்கு ஓராண்டுப் பாதுகாப்பு நீட்டிப்பு மட்டும் அறிவிக்கப்பட்டது. ‘விண்டோஸ் 11’ பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழ் உள்ளவற்றை ஏற்பதில்லை. அதாவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொறி ஒரு குறிப்பிட்ட நாளில் ‘செல்லாது’ என்று அறிவிக்கப்படுகிறது. செல்லாத நோட்டு அறிவிப்பைக் கண்ட நமக்கு இந்த வழக்கம் புதிதன்று. ஆனால் நோட்டை அச்சிட்டது அரசு. இந்தப் பெட்டியை வாங்கியது நாம். நாம் லினக்ஸுக்கு மாறினோம். ‘கேடென்லைவ்’ என்ற கட்டற்ற தொகுப்பு மென்பொருளில் பதிலிக் கோப்பு வசதி உள்ளிருந்தே கிடைக்கிறது. தனிக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று அது பிடிவாதம் பிடிப்பதில்லை. பெரிய பெயரான ‘டாவின்சி ரிசால்வ்’ இலவசமாகவும் கிடைக்கிறது, சிறந்த கருவி. ஆனால் லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு ‘எச் 264’ கோப்புகளைத் திறக்காது. கிராஃபிக்ஸ் கார்டையும் வலுவாகக் கேட்கும். இலவசம் என்ற சொல்லைக் கண்டு ஓடுவோர் இதையும் அறிந்துகொள்வது நல்லது.

ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி 2022இல் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு. எஞ்சியதில் ஒரு பகுதி யாரோ ஓர் ஏழையின் கையில் எரிந்து, அவர் மூச்சில் கலக்கிறது. ‘புதுசு போடுங்க’ என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை புகை இருக்கிறது.

நம்மை மறுப்பார் சொல்லக்கூடியவற்றையும் பார்ப்போம். ‘பத்துப் பன்னிரண்டு வயதுப் பெட்டி நாளை செத்தால்?’ சாகலாம். பழைய மதர்போர்டுக்கு உத்தரவாதம் இல்லை, மலிவு எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வெடித்தால் அருகில் உள்ளதையும் கொண்டுபோகும். ஆகவே எஸ்.எம்.பி.எஸ். ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்பதும், மூலப் பதிவுகளை வெளியே இன்னும் இரண்டு தட்டுகளில் வெவ்வேறு வீடுகளில் வைக்கவேண்டும் என்பதும் நம் விதிகள். புதுப் பெட்டியும் சாகும். படி எடுத்து வைக்காதவனை அது இன்னும் திறமையாக ஏமாற்றும். ‘நான்கு கேமராக்களின் 4கே பதிவை வண்ணத் திருத்தத்தோடு தொகுக்க முடியுமா?’ முடியாது. அதற்குப் புதிய பொறிதான் வேண்டும். திருமண வீடியோவும் திரைப்படமும் செய்து பிழைப்பவர் தாராளமாக வாங்கட்டும். ஒரு பெரியவர், ஒரு திண்ணை, ஒரு செல்பேசி, சட்டைப்பையில் ஒரு மைக் என்று இருக்கும் நமக்கு அது வேண்டியதில்லை என்பதே நம் கட்சி.

தொழில்முறைக்காரர்களிடமும் இதற்குச் சாட்சி உண்டு. வால்டர் மர்ச் 2003இல் வெளிவந்த ‘கோல்டு மவுண்டன்’ படத்தை, தனிச்சிறப்பான ஸ்டுடியோ அமைப்பை விட்டுவிட்டு, எவரும் கடையில் வாங்கக்கூடிய ஆப்பிள் மேசைக் கணினிகளில் ‘ஃபைனல் கட் புரோ’வைக் கொண்டு தொகுத்தார். ‘அந்த மென்பொருள் இவ்வளவு பெரிய படத்தைத் தாங்காது’ என்ற பேச்சு அப்போதும் இருந்தது. படம் சிறந்த தொகுப்புக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அன்று அவர் நம்பியிருந்த அந்தப் பொறிகளைவிட நம் ‘டப்பா’ பல மடங்கு வலியது.

எனவே பற்றாக்குறை பொறியில் இல்லை. பொறியை அறிவதில் இருக்கிறது. அந்த அறிவைத் தமிழில் எழுதவேண்டிய கடமை நம்மைப்போன்ற இலக்கியக் கூட்டங்களுக்கு உண்டு. சாட்டா முனை எது, பதிலிக் கோப்பு எது என்று நல்ல தமிழில் எழுதுவதை இழிவாக நினைக்கும் வரை, அந்த அறிவு விலைப்பட்டியலின் வடிவில் மட்டுமே நம்மை வந்தடையும். நான் இலக்கியவாதி, எனக்கு இதெல்லாம் தெரியாது என்று பெருமையாகச் சொல்பவர், தம் ஊரின் நினைவை வேறொருவர் வசதிக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றே கொள்வோம்.

கோட்டையூரில் ஒரு விளம்பரப் பலகை ஓவியர் இருந்தார், ரோஜா முத்தையா. எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காமலே பழைய நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. சிற்றூரில் ஒருவர் தம் கைக்கு எட்டியதைக் கொண்டு தொடங்கியதால்தான் அது நமக்கு மிஞ்சியது. நல்ல கட்டடம் வரட்டும், நல்ல பீரோ வரட்டும் என்று அவர் காத்திருந்தால் இன்று நமக்கு என்ன இருக்கும்?

பெரியவரின் பாட்டைத் தொகுத்து முடித்தோம். பதினோரு நிமிடம். முதல் நாள் பாடியதிலிருந்து தொடக்கம், மூன்றாம் நாளிலிருந்து முடிவு. நடுவே அவர் மறந்து நின்ற இடத்தை வெட்டாமல் விட்டிருக்கிறோம். பதினாறாம் நாளுக்குக் கொடுக்க முடியாததை, வருடத் திதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேரன் இருமுறை பார்த்துவிட்டு, ‘இதை அப்பவே பாத்திருந்தா ஆத்தாளும் பாத்திருக்கும்ங்க’ என்றார். இடைப்பட்ட மாதங்களில் பெரியவரின் மனைவியும் போய்ச் சேர்ந்திருந்தார்.

இரு குரல்காரர்களுக்கும் நம்மிடம் இதற்கு மேல் வாதமில்லை. உங்கள் ஊரிலும் மூலையில் ஒரு பெட்டி தூசு படிந்து கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்கள்.